மறுக்க இயலாதார் தரும் சம்மதம்: ஹெந்தளைத் தொழுநோய் வைத்தியசாலை வரலாறு உணர்த்துவது

கொழும்பு மாநகரிலிருந்து நீர்கொழும்பு வீதி வழியே வடக்கு நோக்கிச் சென்று களனி கங்கையைக் கடந்தால் வத்தளையை அடையலாம். அதன் மேற்குப் புறத்தே, கடற்கரையை அடுத்து, ஹெந்தளை என்னும் ஊர் உளது. அவ்வூரிலேதான் ஒல்லாந்தர் தமது ஆட்சிக் காலத்தில், 1708ஆம் ஆண்டில், தொழுநோயாளருக்கென ஒரு நிலையத்தை அமைத்தனர். மூன்று நூற்றாண்டுகளைக் கடந்த அந்நிலையம் இலங்கையின் மருத்துவ வரலாற்றில் மிகப் பழையனவற்றுள் ஒன்று. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழும் நம்மவருள் அதன் பெயரைக் கேட்டோர் பலர். அதன் வரலாற்றை எண்ணிப் பார்த்தோர் சிலரே.

அவ்வரலாற்றை ஆண்டு முறையாக விரித்துரைத்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. நோயினாலோ, வறுமையினாலோ, சிறையினாலோ, இளமையினாலோ பிறர் கையை எதிர்பார்த்து வாழ நேர்ந்த ஒருவரைக் குறித்து, "அவரது சம்மதத்தைப் பெற்றோம்" என்று நாம் கூறும்போது அச்சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள் என்பதைத் தொழுநோயின் வரலாற்றைக் கொண்டு ஆராய்தலே நமது கருத்து. இவ்வினா மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று. மாணவரை வெளியே அழைத்துச் சென்று பிறர் வாழ்வைப் பற்றிக் கேட்கவும் எழுதவும் பழக்கும் ஆசிரியராகிய நமக்கும் உரியது.

போர்த்துக்கேயரை 1658இல் முற்றாக வெளியேற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியார் 1796 வரை நமது கரையோரப் பகுதிகளை ஆண்டனர். அவர்களது தலைமையிடம் கொழும்புக் கோட்டை. தொழுநோயாளரின் இருப்பிடமோ கோட்டைக்கு அப்பால், கங்கைக்கும் அப்பால் அமைந்தது. நோயுற்றவரை ஊர்ப்புறத்தே ஒதுக்கும் வழக்கம் ஒல்லாந்தர்க்கு மட்டும் உரியதன்று. நம்மவரும் அதனைப் பெருநோய் என்றும், முன்வினைப் பயன் என்றும் கூறி, நோயுற்றவரைப் பந்தியிலிருந்தும் கோயிலிலிருந்தும் விலக்கினர். ஆதலின் ஹெந்தளையின் மதிலை அந்நியர் எழுப்பினர் எனினும், அதற்கு வேண்டிய மனப்பான்மை உள்நாட்டிலும் குறைவின்றி இருந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளுதல் முறை.

ஒதுக்குதல் வழக்கமாக இருந்த நிலை மாறிச் சட்டமாக ஆனது ஆங்கிலேயர் காலத்திலாகும். 1873ஆம் ஆண்டில் நோர்வே நாட்டுப் பேர்கன் நகரில் அர்மாவர் ஹான்சன் என்னும் மருத்துவர் இந்நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டார். பரம்பரையால் வருவது என்று பலரும் கருதியிருந்த நோய் தொற்றுநோய் எனத் தெளிந்தபின், நோயாளரைப் பிரித்து வைத்தலே வழி என்ற கொள்கை வலுப்பெற்றது. 1897இல் பேர்லினில் கூடிய முதலாவது சர்வதேசத் தொழுநோய் மாநாடு அக்கொள்கையை ஆதரித்தது. இந்தியாவில் தொழுநோயாளர் சட்டம் 1898இல் நிறைவேறியது. தெருவில் இரந்து திரியும் ஏழை நோயாளியையே அது குறிவைத்தது. இலங்கையிலோ 1901ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கத் தொழுநோயாளர் கட்டளைச் சட்டம் பிறந்தது. அதன்பின் ஹெந்தளைக்குள் புகுதல் நோயாளியின் விருப்பத்தைப் பொறுத்ததாக இருக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவும் இத்தகையதொரு நிலையமாயிற்று. அங்கே மதிலுக்குப் பதிலாக நீர் சூழ்ந்து நின்றது.

அக்காலத்து ஆட்சியாளரைக் கொடியோர் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுதல் வரலாற்று மாணவனுக்கு ஏற்றதன்று. நோயைத் தீர்க்கும் மருந்து அன்று இல்லை. நம் சித்த மருத்துவத்தில் நீரடிமுத்து எனப்படும் விதையின் இனத்தைச் சேர்ந்த எண்ணெயே மேலைநாட்டு மருத்துவரும் கையாண்ட சிறந்த மருந்தாக இருந்தது, அதனை ஊசிமூலம் ஏற்றுவது பெருநோவைத் தந்தது, பயனோ உறுதியற்றது. பிறரைக் காத்தல் வேண்டும் என்ற எண்ணம் பொய்யன்று. ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ஒருவரை மதிலுக்குள் வைத்தபின், அவருக்கு உணவளிப்பவரும், மருந்தளிப்பவரும், வெளியே விடும் அதிகாரமுடையவரும் ஒருவரே ஆகிவிடுகின்றனர். அவ்வதிகாரி, "இப்புதிய மருந்தை உமக்கு ஏற்றிப் பார்க்கலாமா?" என்று கேட்டால் அந்நோயாளி என்ன விடை கூறுவார்? "ஆம்" என்ற விடை வரும். அவ்விடையை எவ்வாறு மதிப்பிடுவது?

இவ்வினாவுக்குத் தொழுநோயின் வரலாறே இரண்டு நிகழ்ச்சிகளைச் சான்றாகத் தருகின்றது.

முதலாவது பேர்கன் நகரில் நிகழ்ந்தது. கிருமியைக் கண்ட ஹான்சன், அது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவும் என்பதைச் செய்துகாட்ட விரும்பினார். 1879ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், தொழுநோய் வைத்தியசாலையிலிருந்த முப்பத்து மூன்று வயதுடைய ஒரு பெண்ணின் கண்ணில், வேறொரு நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்த பொருள் தோய்ந்த கத்தியாற் குத்தினார். அப்பெண்ணுக்கு ஏற்கெனவே தொழுநோய் உண்டு. எனினும் அது வேறு வகையினது. அவளிடம் அவர் எதனையும் கேட்கவில்லை. வைத்தியசாலைக்குரிய மதகுரு அச்செய்தியை வெளிப்படுத்த, வழக்கு 1880இல் நீதிமன்றத்தை அடைந்தது. கேட்டிருந்தால் அவள் இசைந்திருக்கமாட்டாள் என்பதை உணர்ந்தே தாம் கேட்கவில்லை என்னும் கருத்துப்பட ஹான்சன் அங்கே கூறினார். நீதிமன்றம் அவரை அவ்வைத்தியசாலைப் பதவியிலிருந்து நீக்கியது. நாட்டின் தொழுநோய்த் தலைமை மருத்துவர் என்ற பதவியில் அவர் தொடர்ந்து இருந்தார். அப்பெண்ணின் பெயர் நூல்களிலே காணப்படுகின்றது. தன் நோயோடு தன் பெயரை உலகம் அறிய வேண்டும் என்று அவள் இசைந்ததில்லை. ஆதலின் ஈண்டு அதனை எழுதாது விடுகின்றோம்.

இரண்டாவது நிகழ்ச்சி ஹவாய்த் தீவுகளில் நடந்தது. அங்கே கொலைக் குற்றத்துக்காகத் தூக்குத்தண்டனை விதிக்கப்பெற்ற ஒரு கைதி இருந்தான். எட்வர்ட் ஆர்னிங் என்னும் ஜெர்மனிய மருத்துவர், தொழுநோய்த் திசுவை அவன் கையிற் பதித்து ஆராய விரும்பினார். கைதி இசைந்தால் தூக்குத்தண்டனை ஆயுட்சிறையாக மாற்றப்படும் என்று ஏற்பாடாயிற்று. அவன் இசைந்தான். 1884இல் சோதனை நடந்தது. சில ஆண்டுகளில் நோய் அவனிடம் வெளிப்பட்டது. நோயாளர் குடியேற்றத்துக்கு அனுப்பப்பெற்று 1892இல் இறந்தான். அவனுடைய உறவினர் சிலர்க்கும் தொழுநோய் இருந்தமை பின்னர் அறியப்பட்டமையால், நோய் சோதனையால் வந்ததா, முன்னரே தொற்றியதா என்று துணிய இயலாது போயிற்று. ஓர் உயிரை வைத்து ஆடிய ஆட்டத்தினால் விஞ்ஞானமும் பயன் பெறவில்லை.

பேர்கனிற் கேட்கவேயில்லை, ஹவாயிற் கேட்டார்கள். மேலோட்டமாக நோக்கின் பின்னது நன்றென்று தோன்றும். ஆனால் அக்கைதிக்கு "இல்லை" என்ற சொல்லின் விலை தன் உயிராக இருந்தது. ஒருவன் இசைந்தானா என்று கேட்பதோடு நில்லாமல், மறுத்திருந்தால் அவனுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்றும் கேட்டல் வேண்டும். மறுப்பினால் உயிரோ, உணவோ, மருந்தோ, விடுதலையோ போகுமெனின், அவன் தந்த இசைவு இசைவாகாது.

இவ்வேறுபாடு நம் மரபுக்குப் புதியதன்று. தேவர்கள் தம் பகையை வெல்ல ததீசி முனிவரிடம் சென்று அவருடைய முதுகெலும்பை வேண்டினர். எதற்காக வேண்டுகிறோம் என்பதை மறையாது கூறினர். மறுத்தாலும் முனிவருக்கு இழப்பு எதுவுமில்லை. அனைத்தும் அறிந்து அவர் ஈந்தார். புறாவின் பொருட்டுச் சிபி மன்னன் அரிந்ததும் தன் தசையையே. ஏவலாளன் ஒருவனின் தசையை அரியவில்லை. மறுபுறத்தே ஏகலைவனைப் பார்க்கின்றோம். துரோணர் கேட்டவுடன் அவன் வலக்கைப் பெருவிரலை வெட்டிக் கொடுத்தான். கட்டாயம் எதுவும் இல்லை. வாளெடுத்து எவரும் மிரட்டவில்லை. ஆயினும் வேட்டுவர் குலத்து இளைஞன், தான் தெய்வமாக வணங்கிய ஆசானை மறுத்துரைக்கும் நிலையில் இருந்தானா? அவனுடைய குருபக்தியை நாம் புகழ்ந்து வந்துள்ளோம். கேட்டவரின் கடமையைப் பற்றி அத்துணை பேசினோம் அல்லேம். ஆசிரியர்கள் படித்து உணர வேண்டிய பகுதி அதுவேயாகும்.

இருபதாம் நூற்றாண்டு இவ்வுண்மையை விதிகளாக எழுத முயன்றது. தொழுநோய்க் கிருமி ஆராய்ச்சியில் ஹான்சனோடு போட்டியிட்ட அல்பேர்ட் நைசர், பின்னர்ப் பரத்தையர் முதலிய பெண்களின் உடலில், அவர்தம் சம்மதமின்றி, மேகநோய் ஆராய்ச்சிக்காக ஊசி ஏற்றினார். அதனால் எழுந்த கண்டனத்தின் பயனாகப் பிரஷிய அரசு 1900இல் ஓர் ஆணை பிறப்பித்தது. உண்மையை விளக்கிச் சம்மதம் பெறாது மருத்துவச் சோதனை செய்தலாகாது என்றும், வயது வராதோரிடத்துச் செய்தலே ஆகாது என்றும் அது விதித்தது. 1931இல் ஜெர்மனி அவ்விதிகளை மேலும் விரித்தது. ஆயினும் அந்நாட்டிலேயே சில ஆண்டுகளின் பின் நாசிகள் தடுப்பு முகாம்களில் மனிதரைச் சோதனைப் பொருளாக்கினர். அதன் விளைவாகவே நூரெம்பேர்க் நீதிமன்றம் 1947இல் மருத்துவர் வழக்கின் தீர்ப்பிற் பத்து நெறிகளை வகுத்து, மனமுவந்த சம்மதத்தை முதல் நெறியாக வைத்தது. உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கிப் பிரகடனம் 1964இல் தோன்றியது. இவை அனைத்தும் தோன்றிய பின்னரும் அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932இல் தொடங்கிய ஆய்வு நிற்கவில்லை. மேகநோயுற்ற 399 கறுப்பின ஆடவர்க்கு நோயின் உண்மைப் பெயரும் கூறாது, பெனிசிலின் கிடைத்தபின் அதனையும் அளிக்காது, செய்தித்தாள்கள் வெளிப்படுத்திய 1972 வரை அவ்வாய்வு நடந்தது. ஆதலின் விதி ஏட்டில் இருப்பது போதாது என்பது வரலாற்றால் மெய்ப்பிக்கப்பட்டது.

இங்கே ஒரு தடை எழுதல் கூடும். "ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருந்தால் பொதுநலத்தை எவ்வாறு காப்பது? 2020இல் கொரோனாத் தொற்றுப் பரவிய காலத்தில் தனிமைப்படுத்தல் நிலையங்களுக்கு மக்களைக் கேட்டா அனுப்பினார்கள்?" என்பர். இத்தடை பொருளற்றதன்று. பிறருக்குத் தீங்கு நேராதவாறு ஒருவரைச் சிறிது காலம் விலக்கி வைத்தல் சில வேளைகளில் தேவைப்படும். ஆயினும் விலக்கி வைத்தல் வேறு. விலக்கி வைக்கப்பட்டவரைத் தம் ஆராய்ச்சிக்கும் காட்சிக்கும் பயன்படுத்துதல் வேறு. முன்னதற்குப் பொதுநலம் காரணமாகலாம், பின்னதற்கு ஆகாது. ஒருவரிடமிருந்து மறுக்கும் உரிமையை எடுத்துக்கொண்டவர், பின்பு "அவர் மறுக்கவில்லையே" என்று சாதித்தல் நேர்மையன்று.

மேலும், கட்டாயம் தன் நோக்கத்திலேயே தோல்வியுற்றது என்பதும் நாம் அறிய வேண்டியதாகும். பிடித்துச் செல்வார்கள் என்று அஞ்சிய குடும்பங்கள் நோயாளரை உள்ளறையில் ஒளித்தன. ஒளித்த நோய் வீட்டிலுள்ள சிறுவரைத் தொற்றியது. நோயாளியின் விரல்களும் கண்களும் காலம் கடந்து அழிந்தன. 1940களில் சல்போன் மருந்துகள் வந்தன. 1981இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்குழு கூட்டு மருந்துச் சிகிச்சையை விதந்துரைக்க, இலங்கை 1983இல் அதனைக் கைக்கொண்டது. எனினும் மருந்திருந்தும் மக்கள் தாமாக வர அஞ்சினர். 1990ஆம் ஆண்டளவில் வானொலி, தொலைக்காட்சி, செய்தித்தாள் ஆகியவற்றின் வழியே, "இது தீரக்கூடிய நோய், தோலிலே உணர்ச்சியற்ற தேமல் கண்டால் வந்து காட்டுங்கள்" என்னும் கருத்து நாடெங்கும் பரப்பப்பட்டது. அதன்பின் கண்டறியப்பட்ட நோயாளரின் தொகை பெரிதும் உயர்ந்தது. பலர் தாமே வைத்தியசாலையை நாடி வந்தனர். 1995இல், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்குங் குறைவு என்னும் எல்லையை நமது நாடு எய்தியது. நோய் முற்றும் அற்றுவிட்டது என்று இதனாற் கொள்ளலாகாது. புதிய நோயாளர் அதன் பின்னரும் ஆண்டுதோறும் கண்டறியப்பட்டே வந்துள்ளனர். எனினும் 1901ஆம் ஆண்டுச் சட்டம் அச்சத்தை விளைத்து மறைத்ததை, உண்மையை எடுத்துக்கூறி மக்களின் விருப்பத்தை வேண்டிய முயற்சி வெளிக்கொணர்ந்தது. அறிந்தளிக்கும் சம்மதம் என்பது மருத்துவத்துக்குத் தடையாகும் சடங்கன்று; மருத்துவம் பயன் தருவதற்கு வேண்டிய நிலைமையே அதுவாகும்.

இவை பழங்கதைகள் என்று கருதுவார்க்கு அண்மைக் காலத்திலிருந்தும் சான்று தரலாம். 2009ஆம் ஆண்டில் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் பத்து முதற் பதினான்கு வயதுச் சிறுமியர்க்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி ஓர் ஆய்வுத் திட்டமாக ஏற்றப்பட்டது. கம்மத்தில் அவர்களுட் பலர் பழங்குடிக் குடும்பத்தவர். அரசு விடுதிகளிலே தங்கிக் கற்றவர். 2010இல் இந்திய அரசு அத்திட்டத்தை நிறுத்தியது. 2013இல் நாடாளுமன்றக் குழு ஆராய்ந்தபோது, 2,000க்கும் மேற்பட்ட சம்மதப் பத்திரங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் ஒப்பமிட்டிருந்தமை தெரியவந்தது. ஊசி மருந்தின் நன்மை இங்கு வினாவன்று. இலங்கையும் 2017 முதல் அதனைப் பாடசாலைச் சிறுமியர்க்கு அளிக்கத் தொடங்கியது. நல்ல மருந்தாயினும், தந்தை தாயார் அறியாமலும் பிள்ளை விளங்காமலும் விடுதிக்குப் பொறுப்பானவர் கையொப்பமிட்டு முடித்தல் முறையா என்பதே வினா. கையொப்பமிட்டவர் நம்மைப் போன்றவர் என்பதை மறத்தலாகாது.

நம் நாட்டிலும் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலையின் பின்னர், வீடும் உறவும் இழந்து முகாம்களில் இருந்தோரிடம் நிவாரணப் பொருளோடு வினாக்கொத்துகளும் வந்தன. ஒரே குடும்பத்தின் துயரைப் பலர் பலமுறை கேட்டனர். பேராசிரியர் அதுல சுமதிபாலவும் சிசிர சிறிபத்தனவும் அவ்வாறு நடந்த ஆராய்ச்சிகளின் அறநெறி பற்றி 2005இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் எழுதினர். அரிசி கொடுக்கும் கையே வினாத்தாளையும் நீட்டுமெனின், பசித்தவர் எவ்வாறு மறுப்பார்? 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில், வெளியே செல்லும் உரிமையின்றி இருந்த நம் மக்களைக் குறித்தும் இவ்வினா பொருந்தும்.

இனி, நமது கடமை யாது? இன்று பாடசாலைகளிற் செயற்றிட்டம் என்றும் சமூகசேவை என்றும் மாணவரை முதியோர் இல்லத்துக்கும் சிறுவர் இல்லத்துக்கும் நோயாளர் விடுதிக்கும் அழைத்துச் செல்கின்றோம். நல்ல நோக்கமே. ஆயினும் மாணவர் கைத்தொலைபேசியாற் படமெடுக்கின்றனர், "உங்கள் பிள்ளைகள் ஏன் வருவதில்லை?" என்று முதியோரைக் கேட்டு எழுதிக்கொள்கின்றனர்; அப்படம் மறுநாள் நூற்றுவர் கையிற் சுற்றுகின்றது. இல்லத் தலைவரின் அனுமதி பெற்றோம் என்று நாம் அமைதியுறுகின்றோம். இல்லத் தலைவரின் அனுமதி வாயிலைத் திறப்பதற்குப் போதும். ஒரு முதியவரின் வாழ்வைத் திறப்பதற்குப் போதாது.

ஆதலின் புறப்படுமுன் நான்கு வினாக்களை மாணவர் முன் வைத்தல் நலம். நாம் வரும் நோக்கத்தையும், கேட்டதை என்ன செய்யப் போகின்றோம் என்பதையும், அவர் பேசும் மொழியில், அவர் விளங்கும்படி சொன்னோமா? அவர் மறுத்தால் நாம் கொண்டுசென்ற உணவோ உடையோ அவருக்குக் குறைவின்றிக் கிடைக்குமா? இடையிலே போதும் என்றால் நிறுத்தி, எழுதியதைக் கிழித்துவிட ஆயத்தமாக உள்ளோமா? இதனால் நன்மை யாருக்கு? அவருக்கா, நமது புள்ளிகளுக்கா? உணவையும் உடையையும் முதலிற் கொடுத்துவிட்டு, வினாக்களோடு வேறொரு நாளிற் செல்வோமாயின் இரண்டாம் வினாவின் இடர் பெரிதும் நீங்கும். சிறுவரிடத்துப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதத்தோடு அச்சிறுவரின் விருப்பத்தையும் கேட்டல் வேண்டும். விடை ஐயத்துக்கிடமாயின் வினாத்தாளை மடித்து வைத்து, அன்று அவரோடு பேசியிருந்து திரும்புதலே தக்கது. அதனாற் செயற்றிட்டத்திற் சில பக்கங்கள் குறையும். மாணவர் கற்கும் பாடம் குறையாது.

வரலாறு கற்பிக்கும் நாம் போர்களையும் மன்னரையும் ஆண்டு தவறாமல் ஒப்புவிக்கச் செய்கின்றோம். 1708, 1901, 1995 என்னும் ஆண்டுகளும் நம் மாணவர் அறியவேண்டியனவே. ஹெந்தளையில் வாழ்ந்து மறைந்தோர் எழுதி வைத்த நூல்கள் நம் நூலகங்களில் இல்லை. அவர்கள் விருப்பத்தைக் கேட்டோரும் மிகச் சிலர். அவர்களிடம் இனிக் கேட்க இயலாது. இன்று நம் முன்னே இருப்போரிடம் கேட்க இயலும். அவர்கள் "இல்லை" என்றால் அச்சொல்லை ஏற்கவும் இயலும். அதனைக் கற்பித்தல் ஆசிரியராகிய நமது கடன்.